ஆட்டிப் பார்த்த மண்வெட்டி

எங்கள் வீட்டில் துணி துவைக்கும் மெஷினுக்குப் பின்னால் ஒரு மண்வெட்டி நிற்கிறது. நான்காவது மாடி ஃபிளாட்டில் மண்வெட்டிக்கு என்ன வேலை என்று வந்தவர்கள் எல்லாரும் கேட்டுவிட்டார்கள். பதில் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. "அன்பியத்துச் சாமான்" என்று சொல்லி, காப்பி வேண்டுமா என்று கேட்டுப் பேச்சை மாற்றிவிடுவேன். இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. பூசைக்குப் போய்வந்து, துணியைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். மெஷின் சுற்றுகிற வேகத்தில் அந்தப் பிடி சுவரில் லேசாகத் தட்டுகிறது. அது தட்டும்போதெல்லாம் அந்தப் பிடியைப் போட்டவர் ஞாபகம் வந்து தொலைக்கிறது. ஒரு தடவை முழுசாகச் சொல்லிவிட்டால் தேவலை.

அன்பியம் என்றால் பக்கத்துப் பக்கத்தில் குடியிருக்கும் கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்த சின்னக் குழு. கோலாலம்பூருக்குப் பக்கத்தில் கிள்ளானில் எங்கள் ஃபிளாட்டையும் எதிர்ச் சாலையில் உள்ள தரை வீடுகளையும் சேர்த்து இருபது குடும்பத்துக்கு ஒன்றிரண்டு மேலே இருக்கும். எங்கள் அன்பியத்தில் ஒரு வழக்கம். யார் இறந்தாலும் குழி தோண்டுவது கல்லறையில் வேலை செய்கிறவர்கள். மூடுவது எங்கள் ஆட்கள். கூலிக்கு வந்தவன் நம் ஆளை மூடக்கூடாது என்று யாரோ எப்போதோ சொல்லியிருக்கிறார்கள், அது அப்படியே நின்றுவிட்டது. அதற்கென்று பொதுவாக ஒரு மண்வெட்டி. இரும்பு எங்கள் ஆட்கள் எஸ்டேட் தோட்டத்தில் இருந்த காலத்தது. இப்போது கடையில் விற்கிற தகரம் மாதிரி இல்லை, கனமானது. என் பாட்டனாரை மூடியதும் அதுதான், என் அப்பாவை மூடியதும் அதுதான். மூடப் பார்த்தது என்று சொல்ல வேண்டும். அதற்கு வருகிறேன்.

அதற்குப் பிடி போட்டவரின் பெயரை எழுதப் போவதில்லை. நான் எப்போதும் அங்கிள் என்றுதான் கூப்பிட்டேன். துறைமுகத்துப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். காலையில் வேலைக்காரர்களுக்குச் சுத்தியல், கோடாலி, ஸ்பானர் எடுத்துக் கொடுப்பதும் மாலையில் திரும்ப வாங்கி வைப்பதும்தான் அவருடைய முப்பது வருஷம். கொடுப்பதற்கு முன்னால் ஒவ்வொன்றையும் காதுக்குப் பக்கத்தில் வைத்து ஒரு ஆட்டு ஆட்டுவாராம். பிடிக்குள்ளே சின்னச் சத்தம் கேட்டால் போதும், அந்தச் சாமான் வெளியே போகாது. எவ்வளவு அவசரம் என்று மேலதிகாரி கத்தினாலும் போகாது. "ஆட்டிப் பாத்துட்டுதான் அடுத்தவன் கையில குடுக்கணும்" என்பார். அதை ஆயிரம் தடவை கேட்டிருப்பேன்.

ஓய்வு பெற்ற பிறகு ஆட்டுவதற்கு ஸ்டோர் இல்லை. ஆகவே ஊரையே ஆட்ட ஆரம்பித்தார். யார் வீட்டுக்குப் போனாலும் கை சும்மா இராது. எங்கள் வீட்டுக்கு வந்தால் பேச்சு பேச்சாக இருக்கும்போதே தோசைக்கல் பிடியை ஆட்டுவார், கதவுத் தாழ்ப்பாளை ஆட்டுவார். கல்யாண வீட்டில் வயதானவர்கள் உட்காரப் போகும் பிளாஸ்டிக் நாற்காலியை முதலில் பிடித்து ஆட்டிவிட்டு, "உக்காருங்க" என்பார். கோவிலில் முழங்காலிடும் பலகை ஒன்று ஆடியதற்காகத் திருப்பலி முடிந்தும் ஃபாதரை வெயிலில் நிறுத்தி வைத்துப் பேசியிருக்கிறார். நான் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பல் கிளினிக்கில் வரவேற்பு மேசையில் வேலை செய்கிறேன். காலையில் ரயில் பிடித்துப் போய், நாள் முழுக்க ஆடுகிற பல்லோடு வருகிறவர்களுக்கு நம்பர் கொடுத்து, மாலையில் ரயிலில் நின்றுகொண்டே வீடு திரும்பினால், வாசலில் இவர் நிற்பார். கையில் மண்வெட்டி.

"ஏம்மா, வேல முடிஞ்சி வந்துட்டியா? இத கொஞ்சம் ஆட்டிப் பாரு."

இது யாராவது இறக்கும்போதெல்லாம் நடக்கும். எங்கள் ஃபிளாட்டு லிஃப்ட் மாதத்தில் பாதி நாள் ரோசாக், கெட்டுப்போய் நிற்கும். அந்த மனிதர் நான்கு மாடி ஏறி வருவார், வெள்ளைச் சட்டை போட்டு, தோளில் மண்வெட்டியைச் சாய்த்துக்கொண்டு. புதிதாக வந்த செக்யூரிட்டி ஒருவன் பயந்துபோய் எனக்கு போன் அடித்திருக்கிறான். ஒரு தடவை காப்பாரில் அடக்கம். மோட்டார் சைக்கிளில் மண்வெட்டியைக் கட்டிக்கொண்டு போனவரைப் போலீஸ் சாலைத் தடுப்பில் நிறுத்தி எதற்கு இது என்று கேட்டிருக்கிறார்கள். மறைக்கத் தெரியாத மனிதர், ஒருத்தரைப் புதைக்கப் போகிறேன் என்று மலாயில் சொல்லிவிட்டார். அப்புறம் நான் போனில் பேசி, ஃபாதர் பேசி, அவரை விடுவித்தார்கள். அன்றைக்கும் போவதற்கு முன்னால் என் வாசலில் நின்று ஆட்டிக் காட்டிவிட்டுத்தான் போனார். அன்பியத்துக்கு அப்போது நான்தான் பொறுப்பாளர். எல்லா வேலையும் என் தலையில்தான் விடியும், இதுவும் அப்படித்தான் என்று மற்றவர்கள் நினைத்தார்கள்.

ஏன் என் வாசல் என்பது எனக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்பா இருந்தவரைக்கும் அந்த மண்வெட்டி எங்கள் வீட்டில்தான் இருந்தது. பிடி பழசு. வருஷத்தில் நான்கைந்து தடவைதான் எடுப்பார்கள், மற்ற நாளெல்லாம் காய்ந்து கிடக்கும். காய்ந்த மரம் சுருங்கி, இரும்பு லொடலொடவென்று ஆடும். அதற்கு அப்பா ஒரு வைத்தியம் வைத்திருந்தார். அடக்கத்துக்கு முந்தின நாளே ஒரு வாளியில் தண்ணீர் பிடித்து, மண்வெட்டியைத் தலைகீழாக ஊறப்போட்டுவிடுவார். மரம் தண்ணீரைக் குடித்து ஊதி இரும்போடு இறுகிக்கொள்ளும். அப்பா மட்டுமில்லை, எங்கள் ஆட்கள் எல்லாரும் செய்கிற காரியம்தான் இது. தோட்டத்தில் சாக்கடையில் போட்டார்கள், ஃபிளாட்டுக்கு வந்த பிறகு வாளியில் போட்டோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்பா இறந்த அன்று வீடு நிறைய ஆட்கள். அழுது ஓய்ந்து, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் கையும் ஓடாமல் காலும் ஓடாமல் நின்றபோது, அந்த மண்வெட்டி கண்ணில் பட்டது. அப்பா செய்வதைச் செய்வோம் என்று தோன்றியது. குளியலறை வாளியில் தண்ணீர் பிடித்து நானே ஊறப்போட்டேன். மறுநாள் காலை அங்கிள் வந்தார், வாளியிலிருந்து எடுத்தார், தோளில் போட்டுக்கொண்டு போனார். அன்று அவர் அதை ஆட்டிப் பார்க்கவில்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

கல்லறையில் அன்று பொல்லாத வெயில். செபம் நீண்டது. சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து ஒரு கை மண் போட்டார்கள். மண்வெட்டி அரை மணி நேரத்துக்கு மேல் வெயிலில் கிடந்தது. அப்புறம் அங்கிள் அதை எடுத்து முதல் மண்ணை இழுத்தார். இரண்டாவது தடவை ஓங்கினார். பிடி அவர் கையில் இருந்தது. இரும்பு மட்டும் கழன்று குழிக்குள் போய் அப்பாவின் பெட்டி மேல் விழுந்தது.

அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வதென்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. மூடிய கதவை யாரோ உள்ளேயிருந்து ஒரே ஒரு தடவை தட்டிய மாதிரி இருந்தது. பெண்கள் கத்திவிட்டார்கள். பெரியப்பா, "என்னய்யா சாமான் கொண்டாந்த? செத்தவனக்கூட நிம்மதியா விடமாட்டியா?" என்று அவர் மேல் பாய்ந்தார். அங்கிள் செருப்பைக் கழற்றிவிட்டு, அந்த வெள்ளைச் சட்டையோடு குழிக்குள் இறங்கினார். பெட்டியை மிதிக்காமல் ஓரத்தில் கால் ஊன்றி இரும்பை எடுத்துக்கொண்டு மேலே வந்தார். சட்டையெல்லாம் செம்மண். கூட்டத்தைப் பார்த்து உரக்கச் சொன்னார்:

"என் தப்பு. ஆட்டிப் பாக்காம எடுத்துட்டு வந்துட்டேன். மன்னிச்சிக்குங்க."

நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். ஊறப்போட்டது நான் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பெரியப்பா கத்திய கத்தில் பயந்துவிட்டேன் என்று கொஞ்ச நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்புறம், நடந்தது நடந்துவிட்டது, இனிமேல் சொல்லி என்ன என்று சொல்லிக்கொண்டேன். ஒரு வாரம் கழித்துச் சொல்வது கஷ்டம், ஒரு வருஷம் கழித்துச் சொல்வது அதைவிடக் கஷ்டம். ஊர் முழுக்க அந்தச் சம்பவத்தை அவர் பெயரில் எழுதிவிட்டது. நானும் அப்படியே விட்டுவிட்டேன்.

அன்பியக் கூட்டத்தில் அந்த மண்வெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கலாம் என்றார்கள். அவர்தான் ஒத்துக்கொள்ளவில்லை.

"இரும்பு என்னங்க தப்பு பண்ணுச்சி? பிடிதானே ரோசாக். நான் மாத்திக் குடுக்கிறேன்."

மாற்றிக் கொடுக்கிறேன் என்று சொல்லி ஆறு மாதம் எடுத்துக்கொண்டார். ஹார்ட்வேர் கடையில் ரெடிமேட் பிடி தொங்குகிறது, வாங்கி மாட்டினால் அரை மணி நேர வேலை. அவருக்கு அது ஆகாது. கடை மரம் காய்ந்த மரமா என்று கடைக்காரனுக்கே தெரியாது என்பார். காப்பாரில் தெரிந்தவர் வீட்டுக் கொல்லையில் ஒரு கொய்யாக் கிளையை வெட்டி வந்தார். அதன் இரண்டு முனையிலும் மெழுகை உருக்கித் தடவி, சமையலறையில் குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே படுக்க வைத்தார். வாரம் ஒரு தடவை அதை எடுத்து அவர் மனைவி ஆன்டியுடைய மாவு நிறுக்கும் தராசில் நிறுத்து, எடையைப் பென்சிலால் அந்த மரத்திலேயே எழுதுவார். தண்ணீர் போகப் போக எடை குறையும். நான்கு வாரம் சேர்ந்தாற்போல் எடை குறையாமல் நின்றால்தான் மரம் காய்ந்தது என்று அர்த்தம். ஆன்டிக்கு இது பெரிய தலைவலி.

"பிள்ளைங்கள வளக்கும்போது இந்த மனுசன் ஒரு நாள் நிறுத்துப் பாத்ததில்லமா. கட்டைய வாராவாரம் நிறுக்கிறாரு" என்று என்னிடம் சொல்லிச் சிரிப்பார்.

மரம் காய்கிற வரைக்கும் இரும்பைக் கவனித்தார். ஓட்டைக்குள் மாட்டியிருந்த பழைய மரத்துண்டை நெருப்பில் போட்டு எரித்து எடுப்பது சுலபம். எரித்தால் இரும்பு தன் உரத்தை இழந்துவிடும் என்று, சின்னச் சின்னத் துளையாகப் போட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டி வெளியே எடுத்தார். அப்படி எடுத்த துண்டு ஒன்றை எனக்குக் காட்டினார். உள்பக்கம் நார் நாராக, மென்று துப்பிய கரும்புச் சக்கை மாதிரி இருந்தது.

"பாத்தியா? தண்ணி குடிச்சா மரம் ஊதும். சுத்தி இரும்பு, எங்க போவும்? உள்ளுக்குள்ளயே நசுங்கிடும். காஞ்சதும் முன்ன இருந்தத விட ஒல்லியாயிடும். அடுத்த தடவ இன்னும் கொஞ்சம் ஊறப்போடணும். இப்படியே எத்தன வருசமா ஊறுச்சோ."

அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. நானும் அந்தச் சக்கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இவருக்குத் தெரியும், குத்திக் காட்டுகிறார் என்று அன்றைக்கே என் மனதில் விழுந்துவிட்டது.

உடைந்த கண்ணாடித் துண்டால் பிடியைச் சீவினார். துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, வெட்டும் வாயை அரத்தால் ராவிக் கூராக்கினார். பிடியின் நுனியில் ரம்பத்தால் ஒரு கீறல் போட்டு இரும்புக்குள் நுழைத்தார். இரும்பைச் சுத்தியலால் அடித்து இறக்குவார் என்று நினைத்தேன். அப்படிச் செய்யவில்லை. மண்வெட்டியை அப்படியே தலைகீழாகத் தூக்கிப் பிடித்து, பிடியின் அடிப்பக்கத்தை மரச் சுத்தியலால் தட்டினார். தட்டத் தட்ட இரும்பு தானாகவே பிடியில் மேலே ஏறியது. கனமான பொருள் அந்தரத்தில் அசையாமல் நிற்கப் பார்க்கும், பிடிதான் அதற்குள் போகும் என்றார். கடைசியில் கீறலில் ஆப்பை வைத்து அடித்து, நீட்டிக்கொண்டிருந்ததை அறுத்துவிட்டு, காதுக்குப் பக்கத்தில் வைத்து ஆட்டினார். ஒரு சத்தமும் இல்லை. அவர் முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

அதன் பிறகு வந்த முதல் அடக்கம் கம்போங் மேடானிலிருந்து மகன் வீட்டுக்கு வந்திருந்த ஒரு கிழவருடையது. அன்றைக்குத்தான் அங்கிள் முதன்முதலாக என் வாசலுக்கு வந்தார். "ஆட்டிப் பாரும்மா." நான் ஆட்டினேன். "ஆடல அங்கிள்." "நல்லா ஆட்டு." பல்லைக் கடித்துக்கொண்டு ஆட்டினேன். "ஆடல." அவர் தலையசைத்துவிட்டுப் போனார். கல்லறையில் ஒவ்வொரு மண் விழும்போதும் அந்த இரும்பையே பார்த்துக்கொண்டு நின்றேன். இரும்பு கழலவில்லை.

இப்படி ஒன்பது வருஷம். எத்தனை அடக்கம் என்று நான் எண்ணவில்லை. என் எரிச்சலை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு தடவை அவர் வரும்போதும், 'இன்றைக்காவது சொல்லப் போகிறாயா' என்று கேட்பதாகவே எனக்குத் தோன்றும். மன்னிப்புக் கேட்க வைக்காமல் விடமாட்டேன் என்று நிற்கிறார் என்று உள்ளுக்குள் கறுவுவேன். ஒரு நாள் ரயில் தாமதம், காலெல்லாம் வலி, சமையல் ஆகவில்லை. கிரில் கதவைத் திறக்காமலே, "ஆடல அங்கிள், போயிட்டு வாங்க" என்றேன்.

"நீ தொடவே இல்லையேமா."

"நீங்க செஞ்சா ஆடாது அங்கிள். எனக்கு டயர்டா இருக்குலா."

அவர் போகவில்லை. கோபப்படவும் இல்லை. மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டுப் படியில் உட்கார்ந்துகொண்டார். நான் குளித்து, சோறு வைத்து, பருப்பைத் தாளித்துவிட்டு எட்டிப் பார்த்தால் அப்படியே உட்கார்ந்திருக்கிறார். கதவைத் திறந்து, வெடுக்கென்று பிடுங்கி ஆட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். "ஆடல." "நல்லதும்மா" என்று எழுந்து போனார். அன்று அவர் படி இறங்குகிற சத்தம் கேட்கும்போது வெட்கமாக இருந்தது. அந்த வெட்கமும் மறுநாள் ரயிலில் ஏறியதும் போய்விட்டது.

அப்புறம் ஒரு வருஷம் எங்கள் அன்பியத்தில் யாருமே சாகவில்லை. அந்த வருஷம்தான் அவர் மூன்று தடவை பிடியை மாற்றினார். நல்ல பிடி, நானே ஆட்டிப் பார்த்த பிடி. இரண்டு மாதம் கழித்து ஆப்பைக் கழற்றி, பிடியை உருவி, முன்கூட்டியே காயப்போட்டு வைத்திருந்த இன்னொரு கொய்யாக் கட்டை, மறுபடியும் தராசு. ஒரு மாலை அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். வராந்தாவில் உட்கார்ந்து மண்வெட்டியைக் கையில் வைத்திருந்தார்.

"ஆடுதேம்மா. எவ்வளவு டைட்டா அடிச்சாலும் ஆடுது."

வாங்கி ஆட்டினேன். பாறை மாதிரி இருந்தது. திருப்பிக் கொடுத்தேன். அவர் கையில் போனதும் இரும்பு நடுங்கியது. கை நடுங்கியது.

ஆன்டி எனக்குக் காப்பி கொண்டுவந்தார். அவருக்கும் ஒரு கப், பாதிதான் ஊற்றியிருந்தது. நான் கிளம்பும்போது கேட் வரைக்கும் வந்து ஆன்டி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவரு கைதான்மா. மம்பட்டி இல்ல. டாக்டர் எங்கிட்ட சொல்லிட்டாரு, அவருக்குப் புரியல, புரிஞ்சிக்க விருப்பமில்ல. வாழ்நாள் பூரா ஆடுற சாமானத் தள்ளி வச்ச மனுசன். நான் சொல்லமாட்டேன். நீயும் சொல்லிடாதம்மா."

சரி என்றேன். சொல்லாமல் இருப்பதில் எனக்குத்தான் நல்ல பழக்கம் ஆயிற்றே.

அடுத்து இறந்தது ஆன்டி. சர்க்கரை வியாதி, மூன்று நாள் மருத்துவமனை, முடிந்துவிட்டது. அடக்கத்தன்று காலை பத்து மணிக்குச் செமினியிலிருந்து வந்திருந்த அவர் மகள் எனக்கு போன் செய்தாள். அழுகைக்கு நடுவில், "அக்கா, கொஞ்சம் வாங்களேன். அப்பா கிளம்ப மாட்றாரு. மம்பட்டிய கழட்டப் போறேங்கிறாரு" என்றாள்.

போனேன். பெட்டியை வண்டியில் ஏற்றிவிட்டார்கள். கோவிலில் ஃபாதர் காத்திருக்கிறார். வாசலில் நின்றவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கிள் பின்பக்கச் சமையலறையில், புது வெள்ளைச் சட்டையில், முக்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் மண்வெட்டி. ஒரு உளியை ஆப்பின் மேல் வைத்துச் சுத்தியலை ஓங்க முயன்றுகொண்டிருந்தார். உளி ஒரு இடத்தில் நிற்கவில்லை.

"ஆடுதும்மா. இத வச்சி அவள மூட முடியாது. உங்கப்பாவுக்கு ஆனது அவளுக்கு ஆவக்கூடாது."

நான் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். உளியை வாங்கிக் கீழே வைத்தேன். அவருடைய இரண்டு மணிக்கட்டையும் என் இரண்டு கையால் இறுக்கிப் பிடித்தேன். எலும்புதான் இருந்தது.

"இப்பப் பாருங்க அங்கிள்."

இரும்பு அசையாமல் நின்றது. கொஞ்ச நேரம் பார்த்தார். நான் கையை எடுத்தேன். இரும்பு நடுங்க ஆரம்பித்தது. மறுபடியும் பிடித்தேன், நின்றது. அவர் முகம் மாறுவதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

"கையா?"

"கைதான் அங்கிள். மம்பட்டி ஆடல."

"எத்தன நாளா?"

"ஒரு வருசம் இருக்கும்."

"அவளுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

அடுப்பு மேடையில் கவிழ்த்து வைத்திருந்த கப்புகளைப் பார்த்தார். "அதான் பாதிக் காப்பி" என்றார். அப்புறம் அழுதார். மனைவி இறந்து இரண்டு நாளாக அழாத மனிதர் அப்போதுதான் அழுதார். வெளியே வண்டிக்காரன் ஹாரன் அடித்தான். எனக்கு அந்த நேரத்தில் வேறு எதுவும் தோன்றவில்லை. ஒரு உண்மையைச் சொல்லி இந்த மனிதரை உடைத்தாயிற்று, இன்னொன்றை மட்டும் எதற்கு வைத்துக்கொண்டிருக்கிறேன் என்று இருந்தது.

"அங்கிள், எங்கப்பா அடக்கத்துக்கு அத வாளில ஊறப்போட்டது நான்தான். அன்னைக்கு எல்லாரும் உங்களத் திட்டும்போது நான் பேசாம நின்னேன்."

சட்டை நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"தெரியும்மா. உங்க வூட்டு வாளியிலேர்ந்துதான எடுத்தேன்? முதுகெல்லாம் தண்ணி சொட்டிச்சி."

"தெரிஞ்சா ஏன் சொல்லல?"

"அப்பன மூடுறப்ப பிள்ளகிட்ட அதையா சொல்லுவாங்க? என் தப்பும் இருக்குல்ல. எந்தச் சாமானையும் ஆட்டாம எடுக்காதவன் நான். அன்னைக்கு மட்டும் ஆட்டல. செத்த வூட்டு வாசல்ல நின்னுகிட்டு, அந்த மனுசன் வச்சிருந்த சாமான ஆட்டிப் பாத்தா மரியாத இல்லன்னு நெனச்சிட்டேன்."

"அப்புறம் ஏன் அங்கிள் ஒவ்வொரு தடவையும் என் வாசல்ல வந்து நின்னீங்க? நான் சொல்லணும்னுதான நின்னீங்க? குத்திக் காட்டத்தானே?"

அவருக்கு உண்மையாகவே புரியவில்லை. அந்த அழுத கண்ணோடு ஏதோ கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்ட மாதிரி என்னைப் பார்த்தார்.

"குத்திக் காட்டவா? ஏம்மா, அந்தச் சத்தத்தக் கேட்ட பிள்ள நீ. பொறுப்பாளர், எல்லா அடக்கத்துக்கும் நீ வந்துதான் ஆவணும். ஒவ்வொரு தடவையும் எப்ப கழண்டு விழுமோன்னு பயந்துகிட்டு நிப்பியே. உன் கையால ஆட்டிப் பாத்துட்டா பயப்படாம நிப்பல்ல, அதுக்குத்தான் வந்தேன்."

ஒன்பது வருஷம் நான்கு மாடி ஏறி வந்ததற்கு அவ்வளவுதான் காரணம். அவர் முழங்கையைப் பிடித்து எழுப்பினேன். இந்தத் தடவை மண்வெட்டியை நான்தான் எடுத்துக்கொண்டேன்.

அடக்கம் முடிந்த மாதமே மகள் அவரைச் செமினிக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். மண்வெட்டி என் வீட்டுக்கு வந்தது. போன வருஷம் அவர் அங்கேயே இறந்துபோனார். நான் மண்வெட்டியைக் காரில் போட்டுக்கொண்டு போனேன். அந்தக் கல்லறையில் சின்ன மண்வாரி இயந்திரம் ஒன்று வைத்திருக்கிறார்கள், ஐந்து நிமிஷத்தில் மூடிவிட்டது. மண்வெட்டியைக் காரிலிருந்து இறக்கவே இல்லை. திரும்பி வரும்போது வழியெல்லாம் பின்சீட்டில் கிடந்தது.

ஆன்டியின் அடக்கத்தைச் சொல்லி முடித்துவிடுகிறேன். செபம் முடிந்து, எல்லாரும் ஒரு கை மண் போட்டு விலகினார்கள். முதல் மண்ணைக் கணவர் இழுக்க வேண்டும். அவருக்கு ஒரு நாற்காலி போட்டுக் குடை பிடித்திருந்தார்கள். எங்கள் அன்பியத்தில் லோரி ஓட்டும் ஒரு அண்ணன் மண்வெட்டியை எடுக்கப் போனார். அங்கிள் வேண்டாம் என்று கையைக் காட்டினார், என்னைப் பார்த்தார். "நீ போடும்மா."

பொம்பளை மண்வெட்டி பிடிப்பதா என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுக் குழி ஓரத்தில் நின்றேன். பிடியில், அவர் பென்சிலால் எழுதி வைத்த எடைகளில் கடைசி ஒன்று சீவியதில் தப்பி அழியாமல் இருந்தது. ஓங்கினேன். மண் விழுந்தது, மண் விழுகிற சத்தம் மட்டும்தான் கேட்டது. இரண்டாவது தடவை ஓங்கினேன், மூன்றாவது தடவையும். பின்னாலிருந்து அவர் குரல் வந்தது.

"ஆடுதாம்மா?"

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மண்வெட்டியை என் காதுக்குப் பக்கத்தில் வைத்து நன்றாக ஆட்டினேன்.

"ஆடல அங்கிள்."

"அப்ப மூடுங்க" என்றார்.